நான் மடித்து வைத்த இலை

பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் என் பழைய பத்திரிகை அலுவலகத்திலிருந்து தீபாவளி விருந்துக்கு அழைப்பு வந்தால் நான் போகாமல் இருப்பதில்லை. சாப்பாடு நன்றாக இருக்கும். அதைவிட, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னைச் சுற்றி உட்காருவார்கள். என் பெருமையை நானே சொல்லிக்கொள்ள எனக்குப் பிடிக்கும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சென்ற முறை திலகா என்ற இளம் நிருபர், தான் கணினியில் எழுதிய கட்டுரையை என்னிடம் நீட்டினாள்.

"பாருங்க சார், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. எவ்வளவு க்ளீனா இருக்கு" என்றாள்.

"முதலில் எழுதி வேண்டாம் என்று எடுத்ததெல்லாம் எங்கே அம்மா?"

"டிலீட் பண்ணிட்டேன் சார். குப்பைய எதுக்கு வச்சிக்கணும்?"

"அப்படிப்பட்ட குப்பை ஒன்று இருந்ததால்தான் ஒரு பெண் கப்பல் ஏறாமல் தப்பித்தாள்" என்றேன். எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு பையன் இதுதான் சமயம் என்று, பல நாளாக மனத்தில் வைத்திருந்ததையும் கேட்டான். "சார், ஐ.சி. கார்டுல, அடையாளக் கார்டுல, உங்க பேரு சுப்பையாதானே? பேப்பர்ல மட்டும் ஏன் முனியரசன்? நீங்க எப்ப ரிப்போர்ட்டர் ஆகணும்னு முடிவு பண்ணீங்க?"

மூன்றுக்கும் ஒரே பதில்தான். அன்று பாதிதான் சொன்னேன், பாயசம் வந்துவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் கோலா சிலாங்கூர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால் மரம் வெட்டினார், அதாவது மரப் பட்டையைக் கீறிப் பால் இறக்கினார். டவுன் ஆங்கிலப் பள்ளிக்கு என்னை அனுப்பினார். படித்து முடித்ததும் பிறந்த தோட்டத்து ஆபீசிலேயே சின்னக் கிராணியாக, இளைய குமாஸ்தாவாக உட்கார்ந்தேன். தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்திலிருந்து மேசைக்குப் போன முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம்.

எனக்கோ கதை எழுதுவதில் சந்தோஷம். மாலையில் குளித்துவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து உட்காருவேன். 'ஆற்றோரன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டு, சொந்தப் பெயரோ முகவரியோ போடாமல், கோலாலம்பூரிலிருந்த ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு அனுப்புவேன். சில கதைகள் ஞாயிறு மலரில் வந்தன. சிலர் புறா வளர்த்தார்கள், சிலர் சீட்டு ஆடினார்கள், நான் கதை எழுதினேன். பொழுதுபோக்கு, அவ்வளவுதான். அதைத் தொழிலாக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அது மலாயாவின் அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. லயங்களையெல்லாம் வேலிக்குள் நெருக்கி வைத்துவிட்டார்கள். வெள்ளைக்கார அரசை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறுகூடப் போய்ச் சேரக்கூடாது என்பது சட்டம். அதனால் காலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு முடிந்து ஆட்கள் மரம் வெட்டப் போகும்போது கேட்டில் சோதனை நடக்கும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. வாளியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். தண்ணீர்ப் போத்தலை மூடி திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். மடியை உதற வேண்டும். சோறு, கிழங்கு, ரொட்டி எதுவும் வெளியே போகக்கூடாது. காலையில் குடித்த வரக்காப்பியோடு மதியம் வரை மரம் வெட்டிவிட்டு, திரும்பி வந்துதான் சாப்பாடு.

அதில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. ஒட்டுப்பால் பை. மரத்தில் ஒட்டி உலர்ந்துபோன பாலைப் பிய்த்துப் போட்டு வரும் சாக்குப்பை அது. அதன் நாற்றம் மூன்று நாள் மூக்கை விட்டுப் போகாது. கேட்டில் நின்ற காவலர்கள் அதைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, போ என்று கை காட்டிவிடுவார்கள். அந்தப் பைக்குள்தான் அஞ்சலை சோறு கொண்டுபோனாள்.

அஞ்சலை மரம் வெட்டுகிறவள். அவள் கணவர் வீரமுத்து, பாலில் அமிலம் ஊற்றி உறையவைக்கும் பால் ஸ்டோரில் வேலை பார்த்தார். கல்யாணமாகிப் பதினாறு ஆண்டுகள், குழந்தை இல்லை. அவள் வெட்டும் மர வரிசையின், நிரையின், கடைசியில் ஓர் ஓடை. ஓடைக் கரையில் ஒரு கல்தான் முனியாண்டி சாமி. வேலி போட்டபோது சாமி வெளியே போய்விட்டது, நாங்கள் உள்ளே வந்துவிட்டோம். மற்றவர்கள் தூரத்திலிருந்தே கும்பிட்டுக்கொண்டார்கள். அஞ்சலை மட்டும், குழந்தை வேண்டி வெள்ளிக்கிழமைதோறும் படைப்பதாக நேர்ந்துகொண்டதை விடவில்லை. வாழை இலையில் சுருட்டிய ஒரு பிடி சோற்றை ஒட்டுப்பால் பைக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கல்லின் முன்னால் விரித்து வைத்துவிட்டு வருவாள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த விவரம். நான் கண்டது வேறு. மரக் கணக்கு எடுக்க ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போனேன். நாலைந்து நிரைக்கு அப்பால் அஞ்சலை இலையை விரித்துவிட்டு, காட்டைப் பார்த்து, "வாய்யா, வந்து சாப்பிட்டுட்டுப் போய்யா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். மறுநாளும் அங்கே வேலை இருந்தது. இலை கிழிந்து துண்டுதுண்டாகக் கிடந்தது. சோற்றுப் பருக்கை ஒன்றுகூட இல்லை.

நாலு எட்டு நடந்துபோய், "என்னாக்கா இது?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குத்தான் கதை கிடைத்துவிட்டதே! சாயங்காலம் நோட்டைத் திறந்துவிட்டேன்.

'ஓடைக்கரைச் சோறு' என்று தலைப்பு. ஒரு தாய் காட்டுக்குப் போய்விட்ட தன் மகனுக்காக வெள்ளிக்கிழமைதோறும் ஒட்டுப்பால் பையில் சோறு ஒளித்து வந்து, சாமிக்குப் படைப்பது போல ஓடைக்கரைக் கல்லில் வைத்துவிட்டுப் போகிறாள். மறுநாள் வந்து பார்த்தால் இலை மடித்துக் கிடக்கிறது. சாப்பிட்டு முடித்தவன் தன் பக்கமாக இலையை மடித்துவிட்டு எழுந்து போயிருக்கிறான்; மகன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அந்த மடிப்புதான் அவளுக்கு அடையாளம். கடைசியில் தாயின் சோறு அவன் மனத்தை மாற்ற, அவன் வந்து சரணடைகிறான். பத்திரிகை ஆசிரியருக்குக் கதை மிகவும் பிடித்துவிட்டது. சரணடைகிற முடிவு என்பதால் அரசாங்கத் தொல்லையும் இல்லை. ஞாயிறு மலரில் முழுப்பக்கம், படத்தோடு வந்தது. மலரை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஓடைக்கரையில் இலையை விரித்துக்கொண்டிருந்த அஞ்சலையைப் போலீஸ் ஜீப் ஏற்றிக்கொண்டு போனது.

செய்தியோடு வீரமுத்து ஆபீசுக்கு ஓடிவந்தார். பால் ஸ்டோரிலிருந்து அப்படியே வந்திருந்தார். கையெல்லாம் அமில வாடை. என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, எம் பொஞ்சாதிய மாத்தா-மாத்தா, போலீசு, புடிச்சிட்டுப் போய்ட்டானுங்க. மவன் எங்க, மவன் எங்கன்னு கேட்டானுங்களாம். எங்களுக்கு ஏது தம்பி மவன்? எந்த மவனத் தேடுறானுங்க?"

எந்த மகன் என்று இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

இந்த இடத்தில் எங்கள் பெரிய கிராணி நாயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதுக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தக் கடிதத்தையும் மரக்கோலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாகக் கோலை இறக்கித்தான் படிப்பார். தப்பு இருந்தால் தப்பு என்று சொல்ல மாட்டார். தாளைக் குப்புறக் கவிழ்த்து நம் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். எது தப்பு என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். சில நாள் ஒரே கடிதம் நாலு முறை குப்புறப் படுக்கும். மனசுக்குள் அவரைத் திட்டாத நாள் கிடையாது.

அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"கதை ஆபீஸ் நேரத்திலயா எழுதின?"

"இல்லைங்க சார்."

"ஆபீஸ் பேப்பர்?"

"என் சொந்த நோட்டு சார்."

"அப்ப எனக்குப் புகார் இல்ல. ஆனா நீ போய்ச் சொன்னா, அந்தப் பெண்ண விட்டுட்டு உன்னைப் பிடிப்பான். ரெண்டு பேரையும் பிடிச்சாலும் பிடிப்பான். போகாம இருந்தா உன்னை யாருக்கும் தெரியாது. ஆற்றோரன் யாருன்னு எவனுக்குத் தெரியும்?"

"திங்கக்கிழமை லோரி வருதாம் சார். அவங்களைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனா அடுத்தது நாடு கடத்தி நாகப்பட்டினம் கப்பல்தான்னு எல்லாரும் பேசிக்கிறாங்க."

அவர் கோலை மறுபடி கையில் எடுத்தார். "அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்றார். எழுதிக் கொடுத்தேன். தாள் குப்புறப் படுக்கவில்லை. லயத்துக்கு ஓடி நோட்டை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பஸ் பிடித்தேன்.

விசாரணை நடந்த இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மொழிபெயர்ப்பாளராகச் சாமுவேல் என்பவர் இருந்தார். மெலிந்த மனிதர், கண்ணாடி போட்டவர், பேச்சில் மரியாதை குறையாது. தமிழ்ப் பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் படிப்பதும் அவர் உத்தியோகம். என் கதையை வெட்டி ஒரு பெரிய தாளில் ஒட்டி வைத்திருந்தார். ஓடை, கல், வெள்ளிக்கிழமை, ஒட்டுப்பால் பை என்று ஏழு இடங்களில் நீலக் கோடு. கடிதத்தின் தபால் முத்திரையைப் பத்திரிகையில் விசாரித்து, கோலா சிலாங்கூர் வட்டாரம் என்று கண்டுபிடித்து, ஓடைக்கரையில் கல் இருக்கும் தோட்டம் எது என்று தேடியிருக்கிறார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பயமல்ல, பெருமை. என்னை அவ்வளவு கவனமாகப் படித்தவர் அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. பயம் அடுத்த நொடியில்தான் வந்தது.

வெள்ளைக்கார அதிகாரி கேட்டதைச் சாமுவேல் தமிழில் சொன்னார். "ஓடை உண்மை, கல் உண்மை, வெள்ளிக்கிழமை உண்மை, பை உண்மை. மகன் மட்டும் பொய்யா? சாமிக்கு வச்சதுன்னா சோறு எங்க போகுதுன்னு அந்தம்மாவைக் கேட்டோம். சாமி சாப்பிடுதுன்னு சொல்றாங்க. நீங்க இலை மடித்துக் கிடந்ததுன்னு எழுதியிருக்கீங்க. யாரோ சாப்பிட்டதாலதான மடிச்சிருக்கான்?"

ஏழாவது நீலக் கோடு அந்த மடித்த இலையின் கீழேதான் இருந்தது. மற்ற ஆறு கோட்டையும்விட அதுதான் தடிமனாக இருந்தது.

சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்து வைத்தேன். மூன்று முறை எழுதிப் பார்த்த கதை அது. முதல் தடவை அந்தப் பெண் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத கணவனுக்குச் சோறு வைக்கிறாள், குறுக்கே கோடு. அடுத்து, காணாமல் போன அண்ணனுக்கு; அதற்கும் கோடு. மூன்றாவது தடவைதான் மகன் வருகிறான். முதலில் அவனுக்குப் பன்னிரண்டு வயது. அதை அடித்துவிட்டுப் பதினேழு. அதையும் அடித்து இருபது. இலைக்கு வந்தால், 'இலை கிழிந்து துண்டுதுண்டாகக் கிடந்தது' என்று எழுதி, அதை அடித்து, மேலே 'மடித்துக் கிடந்தது' என்று திருத்தியிருந்தேன். ஓரத்தில் எனக்கு நானே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தேன்: 'மகன் என்றால்தான் கண்ணீர் வரும்.'

சாமுவேல் அந்தக் குறிப்பை வாய்விட்டுப் படித்தார். பிறகு அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அன்றைக்கு என் கன்னத்தில் நாலு அறை விழுந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அதிகாரி தலையைச் சொறிந்தார். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். பதினோரு பக்கம் வந்தது. சாமுவேல் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாக விரலை வைத்தார். "இது பார்த்ததா, கேட்டதா, நினைச்சதா?" நினைத்தது என்றால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், பேனாவை என் பக்கம் நகர்த்துவார். நானே அடிக்க வேண்டும். 'அவள் கண்களில் ஏக்கம் தெரிந்தது' என்று எழுதியிருந்தேன். "எவ்வளவு தூரத்துல நின்னீங்க?" என்றார். நாலைந்து நிரை தள்ளி. "அங்கிருந்து கண்ணு தெரியுமா?" தெரியாது. அடித்தேன். பிற்பகலில் பதினோரு பக்கம் இரண்டரைப் பக்கமானது.

அந்த இரண்டரைப் பக்கத்தைத் திருப்பிப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் கதைகளில் எதிலும் இல்லாத ஒன்று அதில் இருந்தது. அஞ்சலை இருந்தாள். வேலிக்கு வெளியே மாட்டிக்கொண்ட சாமிக்குப் பயந்து பயந்து சோறு கொண்டுபோன ஒரு பெண், நான் எந்த வேடமும் போடாமல், அப்படியே நின்றாள். இரண்டு ஆண்டுகளாக லீவு எழுதவும் பால் கணக்கு எழுதவும்தான் நான் சம்பளம் வாங்கினேன். வாழ்நாளெல்லாம் செய்ய வேண்டியது இந்த வேலைதான் என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரிந்துபோனது. ஜெயிலுக்குப் போகப் போகிறோமா என்றுகூடத் தெரியாத நேரத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வந்தது.

அதிகாரி இரண்டரைப் பக்கத்தையும் மொழிபெயர்க்கக் கேட்டுவிட்டு, ஒரு முடிவு சொன்னார். "அதே இலை, அதே சோறு, அதே கல். நாங்க ஒளிஞ்சிருந்து பார்க்கிறோம். யார் சாப்பிடுறான்னு தெரிஞ்சுடும். ஆள் வந்தா உங்களையும் சேர்த்து லோரியில ஏத்துவேன்."

மறுநாள் சனிக்கிழமை காலை வீரமுத்துவே சோறு வடித்தார். அவசரத்தில் அரிசியில் பாதி தரையில் கொட்டியது. அவசரகாலத்தில் எங்கள் கேட்டை விட்டுச் சோற்றை வெளிப்படையாகக் கையில் ஏந்திக்கொண்டு போன ஒரே ஆள் அவர்தான். காவலர்கள் அவரைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். கல்லின் முன்னால் இலையை விரித்துவிட்டு அவர் திரும்ப, நான், சாமுவேல், அதிகாரி, துப்பாக்கியோடு இரண்டு பேர் மேட்டுக்குப் பின்னால் படுத்துக்கொண்டோம். வெயில் ஏறியது. அட்டை ஏறியது. ஒரு காக்கை வந்து இரண்டு பருக்கையைக் கொத்திவிட்டுப் பறந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. மதியம் சோறு அப்படியே கிடந்தது.

"காக்கை ஒரு பிடி சோறு தின்னாது" என்றார் சாமுவேல், வருத்தத்தோடுதான்.

ஞாயிற்றுக்கிழமை புதுச் சோறு வைத்துவிட்டு மறுபடியும் படுத்தோம். இந்த முறை நான் ஒரு யோசனை சொன்னேன். சனிக்கிழமை அதிகாரி சிகரெட் பிடித்தார். அந்த வாடை வேண்டாம், ஓடைக்கு அந்தப் பக்கம் காற்றுக்கு எதிராகப் படுக்கலாம் என்றேன். அதிகாரி முறைத்தாலும் கேட்டுக்கொண்டார். அரை மணிநேரம்கூட ஆகவில்லை. மரக்கிளை ஆடியது. ஒன்று, அப்புறம் நாலு, அப்புறம் எண்ண முடியவில்லை. நீளவால் குரங்குகள். பெரியது ஒன்று முனியாண்டி கல்லின் மேலேயே ஏறி உட்கார்ந்து சோற்றை அள்ளியது. குட்டிகள் இலைக்குச் சண்டை போட்டன. ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்து, நார்நாராகக் கிழித்து, ஓடையில் ஒரு துண்டும் கரையில் ஒரு துண்டுமாகப் போட்டுவிட்டு ஓடிவிட்டன.

நான் எழுந்துபோய் ஒரு துண்டை எடுத்து வந்து அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். சாமுவேல் சிரித்தார். "குரங்குக்கு இலை மடிக்கத் தெரியாதுன்னு சொல்றார். உங்களுக்குத்தான் தெரியுமாம்."

திங்கட்கிழமை லோரி வந்தது. அஞ்சலை அதில் ஏறவில்லை. இனி வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோவதில்லை என்று கைநாட்டு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

அன்று மாலை ஊரடங்கு தொடங்குவதற்கு முன்பே அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே, எல்லாம் என்னால்தான் என்றேன். வீரமுத்து எழுந்தே விட்டார். நான் அடி வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன். அஞ்சலை அவரைக் கையமர்த்தினாள்.

"அந்தக் கதையக் கொண்டாந்திருக்கீங்களா தம்பி?"

"இருக்குக்கா."

"படிங்க."

படித்தேன். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். மகன் வந்து சோறு சாப்பிடும் இடத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இலையை மடித்துவிட்டுப் போன இடத்தில், "எம் புள்ள நல்லா வளந்திருக்கான்" என்று வீரமுத்துவிடம் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். படித்து முடித்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவனுக்குப் பேரு என்னா வச்சீங்க?"

"பேர் வைக்கலக்கா. மகன்னு மட்டும்தான் எழுதினேன்."

"பதினாறு வருசமா நான் ஒரு பேரு வச்சிருக்கேன் தம்பி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் கேட்டேன், "என்னா பேருக்கா?" முப்பத்து நான்கு ஆண்டுக் காலம் நிருபராக நான் கேட்ட ஆயிரமாயிரம் கேள்விகளில் அதுதான் முதல் கேள்வி.

மறுநாள் நாயர் என்னைக் கூப்பிட்டார். தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜரான துரைக்கு விஷயம் போய்விட்டது. இனிமேல் எந்தப் பத்திரிகைக்கும் எழுத மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வேலை இருக்கும், இல்லையென்றால் இல்லை. என் மேசைக்குத் திரும்பி வந்து, ஒரு தாளை எடுத்து, குடும்பக் காரணங்களால் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். நாயர் கோலை வைத்துப் படித்தார். தாள் குப்புறப் படுத்தது.

எது தப்பு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. குடும்பக் காரணம் நினைத்ததுகூட இல்லை, பச்சைப் பொய். புதுத் தாள் எடுத்தேன். பத்திரிகையில் எழுதுவதையே என் தொழிலாக்கிக்கொள்ள விரும்புவதால் இந்த வேலையை விடுகிறேன் என்று எழுதினேன். நாயர் கோலை ஒவ்வொரு வரியாக இறக்கினார். கடைசி வரி வந்ததும் கோலை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "உன்னோட நல்ல கடிதம் இதுதான்" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு வேலையும் இல்லை. அப்போது நான் செய்த காரியம்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. பத்திரிகைக்கு ஒரு கடிதம் போட்டேன். உங்கள் ஞாயிறு மலரில் வந்த கதையில் இலை மடித்துக் கிடந்ததாக இருப்பது தவறு, இலை கிழிந்துதான் கிடந்தது, தின்றவை குரங்குகள், தயவுசெய்து திருத்தம் வெளியிடவும் என்று எழுதி, நடந்ததை இரண்டரைப் பக்கத்தில் சேர்த்து அனுப்பினேன். பதிலுக்கு, நேரில் வா என்று ஒரு வரி வந்தது.

கோலாலம்பூரில் ஆசிரியர் என்னை உட்காரவைத்து, வயிறு குலுங்கச் சிரித்தார். "செய்திக்குத் திருத்தம் கேட்டு ஆயிரம் பேர் எழுதியிருக்கான்யா. கதைக்குத் திருத்தம் கேட்டவன இப்பத்தான் பாக்குறேன்" என்றார். கோலா சிலாங்கூரிலிருந்து ரவாங் வரை உள்ள தோட்டங்களுக்கு என்னை நிருபராகப் போட்டார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார், "என்ன பேர் போடட்டும்? ஆற்றோரனா?"

"இல்லைங்க. முனியரசன்" என்றேன்.

முதலில் சைக்கிளில் சுற்றினேன், பிறகு மோட்டார் சைக்கிளில். பாம்புக்கடி, வேலைநிறுத்தம், கூரை இடிந்த பள்ளிக்கூடம் எல்லாம் எழுதினேன். பெயர் கேட்காமல் ஒருவரைப் பற்றியும் எழுதியது கிடையாது. நோட்டில் அடித்த வரி எதையும் கிழித்துப் போட்டதும் கிடையாது. எழுபத்தொரு நோட்டும் வீட்டில் இருக்கின்றன, திலகா வந்து பார்க்கலாம். என் செய்திக்கு ஒரு திருத்தம்கூட வெளியானதில்லை. அந்தப் பெருமையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அஞ்சலைக்குக் கடைசி வரை குழந்தை பிறக்கவில்லை. அந்தத் தோட்டத்துப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. இலை போட்டுத்தான் பரிமாறுவாள். சாப்பிட்டு முடித்து நான் இலையை மடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். என் செய்தி வந்த பத்திரிகைகளைக் கணவரிடம் வாங்கி வரச் சொல்லி, பலகைச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருந்தாள். எழுத்துக் கூட்டவும் தெரியாதவள். ஆனால் சுவரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்த ஆறு எழுத்தின் மேல் மட்டும் தப்பாமல் விரலை வைப்பாள். வருகிறவர்களிடம், "இதான் எம் மவன் பேரு" என்று சொல்வாள்.